வான்கோழி துரத்திய கதை

அத்திபெலே தாண்டி ஒரு பண்ணை இருக்கிறது. ஆடு, முயல், வான்கோழி எல்லாம் திறந்தவெளியில் திரியும். குழந்தைகள் கையாலேயே தீனி கொடுக்கலாம். இன்று நான், கணவர், ஆறு வயது மகள் மூவரும் லிங்கராஜபுரத்திலிருந்து காலையிலேயே கிளம்பிப் போனோம்.

வழி முழுக்கக் கணவர் மகளுக்குப் பாடம் எடுத்தார். "நாம பயந்தா மிருகத்துக்குத் தெரிஞ்சிடும் பாப்பா. அசையாம நிக்கணும். டாடி இருக்கேன்ல?"

முயல்களிடம் எல்லாம் நல்லபடியாகவே போனது. அடுத்த வேலிக்குள் நுழைந்ததும் பெரிய வான்கோழி ஒன்று இறகை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது.

திரும்பிப் பார்த்தேன். கணவர் சிமென்ட் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார். மகள் கீழே, தனியாக.

நான் ஓடிச் சேர்வதற்குள் அவள் இரண்டு கைகளையும் விரித்து, பள்ளியில் பழகிய கன்னடத்தில், "ஹோகு! ஹோகு!" என்று விரட்டினாள். வான்கோழி நின்று அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த வழியே போனது.

கணவர் இறங்கி வந்தார். "அதை என் பக்கம் இழுக்கத்தான் மேல ஏறினேன்."

"புரிஞ்சுதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாருக்கு போன் போட்டார். "குழந்தையத் துரத்துச்சும்மா. நான் மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என் காதில் கிசுகிசுத்தாள். "சொல்லாத மம்மி. டாடி பாவம்."

அதனால் மாமியாரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். கணவரை ஃப்ரெண்ட் லிஸ்டில் வைத்திருப்பவர்கள் கமென்ட் போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.