கல்யாண மஞ்சளும் மரத்துப்போன விரல்களும்

பருப்புப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது நூல் நழுவியது. கையில் நூல் இருக்கிறதா என்றே விரல்களுக்குத் தெரியவில்லை. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் விவகாரத்தில் சேராமல் ஒதுங்கி நின்றது. எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு.

மில்லர்புரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் 'கார்ப்பல் டனல்' என்றார் (மணிக்கட்டின் குறுகலான பாதையில் நரம்பு நெரிபடுவது).

"கத்தி வைக்கணுமா டாக்டர்?"

"இப்ப வேண்டாம். ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை வளையவிடாத பட்டை) போடுங்க. ராத்திரி கண்டிப்பா, கொஞ்ச நாள் கடையிலயும். கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை வத்த ஆரம்பிச்சா மட்டும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது."

தினமும் இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பயத்தில் இரண்டுமே மெலிந்து தெரிந்தன.

பட்டையோடு வலது கையில் எதைப் பிடித்தாலும் நழுவியது. இடது கையால் கொடுத்தேன். மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்த ஓர் அம்மாள் பின்வாங்கினார்.

"அண்ணாச்சி, கல்யாண மஞ்சள இடது கையாலயா தாரிய? உங்க வீட்டுப் பிள்ளைக்குன்னா இப்படித் தருவியளா?"

பட்டையைக் கழற்றி வலது கையால் கொடுத்தேன். பிறகு முதல் போணிக்குக் கழற்றினேன்; விரதக்காரருக்குக் கழற்றினேன். எங்கள் ஊரில் நல்ல காரியம் இல்லாத வீடு ஏது? மதியத்துக்குள் பட்டை தராசின் மேல் கிடந்தது.

"ராத்திரியெல்லாம் கைய ஒதறுதிய. பட்டையத் தராசுக்குல்லா போட்டிருக்கிய! அதுக்கா வலிக்கி?" என்றாள் மனைவி.

அடுத்த பரிசோதனையில் கட்டைவிரலின் பிடி தளர்ந்திருந்தது. சதை இன்னும் வற்றவில்லை. டாக்டர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார் (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து). நரம்பு இறுகாமல் நகர்வதற்கான விரல் பயிற்சிகளையும் காட்டினார்.

"இனிமேலும் கழட்டினீங்கன்னா ஊசியால மட்டும் ஒண்ணும் ஆகாது."

பொட்டலம் கட்டுவதை மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் கட்டு என்னுடையதைவிட நேர்த்தி என்பதைக் கடைத்தெரு தாமதமில்லாமல் எனக்குத் தெரிவித்தது. சாமானை எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. பட்டை போட்ட வலது கையை நீட்டி, நழுவாமலிருக்க அடியில் இடது கையை ஏந்தினேன். வாடிக்கைக்காரர் ஒருவர் தோள் துண்டைச் சரிசெய்து பணிவாக வாங்கினார்.

"அண்ணாச்சிக்கு இப்பதான் மரியாதை தெரிஞ்சிருக்கு!"

மரமரப்பு மெல்ல வடிந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எல்லோருக்கும் கத்தியில்லாமல் முடியும் என்று சொல்லமாட்டேன். சரியான நேரத்தில் போங்கள், சொன்னதைப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பட்டை இரவுக்கு மட்டும். இரண்டு கையால் கொடுக்கும்போது ஆள் முகத்தைப் பார்க்காமல் கொடுக்க முடிவதில்லை. வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கிறது. பகலில் வெறுங்கைதான். ஆனாலும் வலது கை முன்னே போனால், யாரும் கூப்பிடாமலே இடது கையும் கூடப் போகிறது.