நோன்பு நாளில் எடுத்த இரத்தம்

முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, நாகர்கோவிலிலிருந்து திரும்பும் பேருந்தின் சன்னலோரம் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சின்னம்மைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள். ஊர் நெருங்கினால் கடற்காற்று அவள் சேலையை ஊதிப் பெரிதாக்கும். உள்ளே ஆளே இல்லாததுபோல் தோன்றும். அவ்வளவு ஒல்லி. குண்டானவர்களை விட்டுவிட்டு இந்த ஈர்க்குச்சியைச் சர்க்கரை நோய் எப்படிக் கண்டுபிடித்தது என்று கேலி செய்வேன்.

அவள் என் அம்மையின் தங்கை. அம்மைக்கும் சர்க்கரைதான். சிறுநீரகம் கெட்டது தெரியவந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது சின்னம்மை. அந்தக் கட்டிலில் தானும் படுக்க வேண்டி வருமோ என்ற பயம் அவளை விடவே இல்லை. அதனால் வருடம் தவறாமல் இரத்தம் சோதிப்பாள், அதுவும் புனித வாரத்தில் மட்டும். தவக்காலம் முழுக்க இறைச்சியோடு மீனையும் விட்டுவிட்டு, கஞ்சியும் பயறுமாக இருப்பாள். அந்தச் சுத்தமான உடம்போடு போனால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவு ஏறாமல் நல்லபடியாக வரும், மாதா கைவிடமாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. அப்படியே வந்தது. நாங்களும் நிம்மதியாக ஈஸ்டர் விருந்து சாப்பிட்டோம்.

2010-ஐ ஒட்டிய ஒரு வருடம், புதிதாக வந்த டாக்டரம்மா மட்டும் அந்த அளவைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. மீனும் இறைச்சியும் தின்னாதிருந்தால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் குறைத்துக் காட்டும், சதைப்பிடிப்பில்லாத உடம்பென்றால் இன்னும் குறைத்துக் காட்டும், இவர்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது என்றார். சிஸ்டாட்டின் சி என்றொரு சோதனை உண்டு, அது சாப்பாட்டுக்கும் சதைக்கும் அவ்வளவாக மசியாது என்றார். இரத்தம் வெளியூருக்குப் போயிற்று. முடிவு வரும்வரை கனவுக்குள் நடப்பதுபோல் இருந்தது. வாசலுக்கு எதிரே இருக்கும் கடலின் சத்தம்கூட எங்கோ தள்ளிக் கேட்டது. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருக்கிறது, ஆனால் தொடக்கம்தான், மருந்தில் இழுத்துப் பிடிக்கலாம் என்று முடிவு வந்தது.

சின்னம்மை அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஆண்டவருக்குன்னு இருந்த நோன்பு மக்கா, அது என்னையே ஏமாத்திருக்கு பாரு" என்றாள்.

மாத்திரை, உப்புக் குறைத்த கறி என்று வருடங்கள் ஓடின. உயிருக்குயிரான கருவாட்டுக்கு முழுக்குப் போட்டாள். டயாலிசிஸ் கட்டில் பக்கம் போகவே இல்லை. ஒருமுறை அம்மையின் நினைவு நாளில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றோம். சிலுவையடியில் வெட்டியிருந்த வயதைச் சின்னம்மை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்த வருசத்தோட நான் அக்காளுக்கு மூத்தவளாயிட்டேன் மக்கா," என்றாள். "இனி அவதான் எனக்குத் தங்கச்சி."