மே மாதத்து மப்ளர்

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. என் மனைவிக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை, அவள் போகாத கோயில் இல்லை. அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றே எல்லா ரிப்போர்ட்டும் சொன்னது. என்னையும் சோதிக்க வேண்டும் என்ற ஒரே டாக்டரை நான்தான் மாற்றிவிட்டேன். மீசைக்கு அவ்வளவு மரியாதை.

எனக்கு மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. விடியுமுன் கம்பம் ஊரில் ஜீப் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். முகம் ஊதியது, குரல் தடித்தது, எந்நேரமும் குளிர். வீட்டுக்கு வந்தால் மனைவி பக்கம் திரும்பக்கூட ஆசையில்லாமல் தூக்கம். "மலக்குளுரு ஒத்துக்கிடலப்பா" என்றார்கள் ஜீப்பில் வருபவர்கள். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் மலைமேல்தான் பழி போடுவோம். நானும் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

தம்பி மனைவிக்கு வளைகாப்பு வந்தது. வளையல் போட ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டார்கள். அடுப்படியில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்த என் மனைவியை மட்டும் கூப்பிடவில்லை. அங்கேயே வைத்து என் அம்மா, "ஏலே, இன்னொரு கல்யாணத்தப் பத்தி யோசிக்கலாம்ல?" என்றாள். மனைவி காதில் விழுந்தது. அவள் கரண்டி நிற்கவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுவாரம் தேனியில் புது டாக்டரம்மாவிடம் போனோம். தார் உருகும் மே மாத வெயில். மனைவி நீட்டிய ஃபைலை அவர் தொடவே இல்லை. என் மப்ளரைப் பார்த்தார்.

"உங்களுக்கு இங்கனயுமா குளுருது?"

ரத்தமும் விந்தும் சோதித்தார்கள். தைராய்டு மிகக் குறைவாகச் சுரக்கிறது. அதனால் ஆசையும் மங்கி, உயிரணுக்களும் ஓட்டமில்லாமல் கிடக்கின்றன என்றார். குணமாகக்கூடியதுதான், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போதும். அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன்: "ஆத்தா, கொற என்கிட்டதான். அவள ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முன்னேற்றமே இல்லை. எப்படி இருக்கும்? ஜீப்பில் ஏறுகிற அவசரத்தில் டீக்கடை டீயிலேயே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். "தண்ணியிலதான முழுங்கச் சொன்னாக! ஒரு மணி நேரம் டீக்கடப் பக்கமே போகக் கூடாது" என்று மனைவி தினமும் முன்னதாகவே எழுப்பி மாத்திரை கொடுக்கத் தொடங்கினாள். நான் குடிக்காமல் ஜீப்பில் வருபவர்களுக்கும் டீ இறங்கவில்லை போலும். கொஞ்ச நாளில் ஜீப்பே மலையேறிக் கம்பம்மெட்டுக்குப் போய்த்தான் டீ குடித்தது.

மார்கழியில் மப்ளர் இல்லாமல் ஜீப்பின் ஓரத்தில் உட்கார்ந்து மலையேறினேன். அந்த மாத ரிப்போர்ட்டில் உயிரணுக்கள் ஓட ஆரம்பித்திருந்தன. பங்குனியில் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. தெருவே கேட்கச் சிரித்தேன், வெட்கமே இல்லை.

அவள் வளைகாப்பன்று கூடம் நிறைய ஆட்கள். முதல் வளையலை எடுத்த என் அம்மாவை மனைவி தடுத்தாள். "மொத வளையல் அவதான் போடணும்" என்று அடுப்படியைக் காட்டினாள். அங்கே என் சித்தப்பா மகள், எட்டு வருடமாகக் குழந்தையில்லாதவள், சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தயங்கிய அம்மா, தானே போய் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

நான் பந்தலில் நின்ற அவள் புருஷனிடம் போனேன்.

"மாப்ள, திங்கக்கிழம தேனிக்குப் போறோம். அவளக் கூப்பிடாத. நீ மட்டும் வா."