சாவுக்கு எத்தனை நாள் லீவு?

ஞானசௌந்தரிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. அம்பத்தூரில் ஏழு பேரை வைத்து பிளாஸ்டிக் மூடி அடிக்கும் கம்பெனி நடத்துகிறவள், எங்கே உட்காருவது? தொண்ணூத்திரண்டில், அவளிடம் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்தில் ஒரே மாதத்தில் நாலு சாவு. சாவு மேளம் கேட்டால் போதும், மிஷினைப் போட்டது போட்டபடி ஓடிவிடுவார்கள். பக்கத்து ஊடு, எதிர் ஊடு, ஒண்ணாப் படிச்சவன் என்று ஆளுக்கொரு உறவு. மூடி வாங்கும் பெரிய கம்பெனியோ, இன்னொரு தடவை லோடு லேட்டானால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது.

அவளுக்கு வந்ததே கோபம்! எல்லாரையும் நிற்க வைத்துச் சட்டம் போட்டாள்.

"ரத்த சொந்தம் செத்தா மூணு நாள் லீவு, சம்பளத்தோட. மத்த சாவுக்கு அஞ்சு மணிக்கு மேல போய்க்கோங்க. மீறினா சீட்டு கிழிஞ்சிடும்."

மிஷினில் மூடி அச்சு, அதாவது மோல்டு மாட்டும் அப்பாவு தலையைச் சொறிந்தார். குடும்பம் குட்டி இல்லாத ஒண்டிக்கட்டை அவர். "எனக்கு ரத்த சொந்தமே இல்லியேம்மா. அப்ப லீவே கெடையாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

அதற்கப்புறம் லோடு நேரத்துக்குப் போனது. ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேளம் கேட்கும்போதெல்லாம் யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவு வேலைக்கு வரவில்லை. அவருடைய ஹவுஸ் ஓனர்தான் வந்தார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். "மூணு மணிக்கு எடுக்கணும்மா. தூக்க ஆளில்ல."

"மாதாவே!" என்று உள்ளே ஓடினாள். "அப்பாவு போயிட்டாருடா!"

ஒரு மிஷினும் நிற்கவில்லை. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டே மூடி பொறுக்கினாள்.

"இன்னாடா, கல்லு மாதிரி கீறீங்க? கெளம்பலையா?"

மிஷினில் நின்ற வேம்புலி திரும்பாமலே சொன்னான். "அவரு எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லியேக்கா. அஞ்சு மணிக்கு மேல போறோம்."

"அதுக்குள்ள எடுத்துடுவாங்கடா!"

"தெரியும்க்கா."

சாயங்காலம் லோடு போயாக வேண்டும். வாசல் வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? சட்டம் போட்டவள் அவளல்லவா! கடைசியில் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள்.

"எனக்கும் அவரு ரத்த சொந்தம் இல்லடா," என்றாள். "நான் போறேன். தூக்க நாலு பேர் வேணும். வருவீங்களா?"

வேம்புலிதான் முதலில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான்.