என் பெயரில் இருந்த நோய்

தம்பி முருகானந்தத்திடம் நான் பார்த்த முதல் அறிகுறி, அவன் உட்காராததுதான்.

இராணுவத்திலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள், புரட்டாசி 21, வியாழக்கிழமை. வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு வரச் சொல்லிக் காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். பதினொன்றரை வரை ஆளைக் காணோம். போய்ப் பார்த்தேன். மடையை ஒழுங்காக அடைத்திருந்தான். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விறைப்பாக நின்றான். சட்டை முழுக்க வியர்வை.

"வேலைதான் முடிஞ்சிருச்சுல்ல, வீட்டுக்கு வர வேண்டியதுதானடா?"

"மாத்த ஆள் வரலண்ணே."

பட்டாளத்துக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அன்றைய நாட்குறிப்பு இப்படி இருக்கிறது: "மடை அடைத்தாயிற்று. தம்பி நலம்."

நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் எழுத்தராக வேலை பார்த்தேன். கல்லூரி நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் விட்ட நாள், அது எங்கள் கடைமடைக்கு எட்டிய நாள், நடவு, அறுப்பு, ஊரில் பிறந்தவர், இறந்தவர். திதி பார்ப்பதற்கும், தகராறில் ஒரு தேதியை உறுதி செய்வதற்கும் ஊரார் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நோட்டு மேசை மேலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

நடந்ததைத் தம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வடக்கே ஒரு முகாமில் அவனும் இன்னொரு வீரரும் மாறி மாறிக் காவல் நின்றிருக்கிறார்கள். ஒரு விடியற்காலை, இவனை மாற்ற வேண்டியவர் வரவில்லை. தேடிப் போன தம்பிதான் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டு கிடந்ததை முதலில் பார்த்தான். விசாரணையில் இவனிடம் கேட்ட முதல் கேள்வி, காவல் இடத்தை விட்டு ஏன் நகர்ந்தாய் என்பது. அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்கச் சொன்னார்கள். முடியாது என்றான். அதிகாரி முன் நிறுத்தினார்கள். சில நிமிட விசாரணை, இருபத்தெட்டு நாள் சிறை. தூக்கம் வரவில்லை என்று படைப்பிரிவு மருத்துவரிடம் நான்கு முறை போயிருக்கிறான். நான்கு முறையும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விடுப்பில் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

விடுப்புச் சீட்டின் பின்பக்கத்தில், விடுப்பில் நோயுற்றால் என்ன செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. இராணுவ மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும், சான்று பெற வேண்டும், படைப்பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதை நான் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

தை மாதம் எங்கள் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மன்னார்குடி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவின் முன்னால் உட்கார்ந்தால் எந்த ஊர்க்காரன் கண்ணிலாவது படாமல் இருக்க முடியாது. எனவே தஞ்சாவூரையும் தாண்டி, எங்களைத் தெரிந்தவர் இல்லாத ஓர் ஊரில், ஒரு தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சீட்டுப் போடும் பெண் பெயர் கேட்டாள்.

"கலியபெருமாள்" என்றேன். அது என் பெயர்.

ஏன் என்று பிறகு பலர் கேட்டார்கள். தம்பிக்கு இன்னும் பெண் பார்க்க வேண்டும், எனக்கு ஆகிவிட்டது, என் பெயரில் நோய் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்பதுதான் அப்போது நான் போட்ட கணக்கு. உள்ளே இருந்து "கலியபெருமாள்" என்று கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. தம்பி எழுந்தான். உத்தரவு என்றால் கேள்வி கேட்காமல் எழப் பழகியவன்.

ஐப்பசி 27, சனிக்கிழமை. அவன் விடுப்பு முடிந்தது. நாட்குறிப்பில் "தம்பி பணிக்குத் திரும்பினான்" என்று எழுதினேன். போகும் நிலையில் இல்லாமல் அவன் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தான். மறுவாரம் "எனக்கு உடல்நலமில்லை, மருத்துவரிடம் சென்றேன்" என்று எழுதினேன். முன்பு மறதியாகத் தேதி தவறியதுண்டு. தெரிந்தே தவறாக எழுதியது அதுவே முதல் முறை.

மார்கழியில் உள்ளூர்க் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மரியாதையான மனிதர்.

"சார், தம்பியத் தேடி மிலிட்டரிலேருந்து பேப்பர் வந்திருக்கு. இங்க இருக்காரா?"

"இல்லீங்களே. டியூட்டிக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனான்." நோட்டை எடுத்துக் காட்டினேன்.

"நோட்டெல்லாம் எதுக்கு சார். நீங்க சொன்னாப் போதாதா?" என்று எழுதிக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார். பத்தடி தள்ளி, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்ற தம்பி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

செல்வியின் கல்யாணத்தன்று அவனை வயல் மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தோம். கல்யாணம் முடிந்த பிறகு, வேலை பிடிக்காமல் வந்துவிட்டான் என்று ஊரில் சொன்னோம். மருந்தைக் குறைத்தோம், பிறகு நிறுத்தினோம். படைப்பிரிவு அவனைத் தப்பியோடியவன் என்று அறிவித்தது. சில ஆண்டுகளில் பணிநீக்க உத்தரவு வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பணியில் அவனுக்கு மிஞ்சியது 'தப்பியோடியவன்' என்ற ஒற்றைச் சொல். முன்னாள் படைவீரர் என்ற பெயர் இல்லை. அவர்களுக்கான மருத்துவ வசதியும் இல்லை.

ஆறு சம்பா அறுப்புக்குப் பிறகு, மழையில் ஒரு பகல் முழுக்க மடையில் நின்று மயங்கி விழுந்தான். அப்போதுதான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். இளம் பெண் மருத்துவர். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (நடந்த கொடுமை முடிந்த பின்னும் உடல் அந்த இடத்திலேயே நின்றுவிடும் நோய்) என்றார். பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டிப் பார்த்து நிமிர்ந்தார்.

"கலியபெருமாள் யாருங்க?"

"நான்தாங்க."

"உங்களுக்கும் இதே பிரச்சினையா?"

"இல்லீங்க."

அவர் சீட்டுகளை மூடி வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "உங்க பேரு என்னங்க?" அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்த பிறகுதான் சொன்னான்.

மருந்து ஐந்து மாதத்தில் வேலை செய்யத் தொடங்கியது. காலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருநாள் அவனாகவே சொன்னான்: "நான் ஓடலண்ணே. அதை மட்டும் எடுத்துடச் சொல்லு. வேற எதுவும் வேணாம்."

படைவீரர்களின் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். அவன் பணியில் இருந்தபோதே நோயுற்றதற்கு எந்தப் பதிவும் இல்லை என்று அரசுத் தரப்பு பதில் தந்தது. பதிவு வேண்டுமென்றால் இரண்டே இடம். ஒன்று, படைப்பிரிவு மருத்துவரின் பதிவேடு, அவர்கள் கையில் இருந்தது, கேட்டும் தரவில்லை. இன்னொன்று என்னிடம் இருந்தது. அதில் நோயாளி நான்.

நாட்குறிப்பு பொய், மருந்துச் சீட்டில் உள்ள பெயர் பொய், காவலரிடம் சொன்னது பொய் என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். எழுதும் முன் செல்வியிடம் போனேன். உன் கல்யாணத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன், அதையும் எழுதப் போகிறேன் என்றேன்.

"என் மேல எழுதாத. நான் கேட்டனா? நோட்டுக்காரர் வீட்டுல பைத்தியம்னு சொல்லிருவாங்கன்னு ஒனக்குத்தான் பயம். நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு. அத வேணா எழுது" என்றாள்.

எழுதினேன்.

தீர்ப்பாயத்தில் அரசு வழக்கறிஞர் என் நாட்குறிப்பின் நகலை வாசித்தார். "தம்பி நலம்" என்பதை மூன்று இடங்களில் வாசித்தார். இறந்தவரோடு காவல் நின்றவனை மறுவாரம் அதே இடத்துக்கு அனுப்பியது யார், தூக்கம் வரவில்லை என்று வந்தவனை நான்கு முறையும் வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பியது ஏன் என்ற கேள்விகளின் பக்கம் அவர் வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஓர் அரசு முழுவதும் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு என் பொய் பெரிதாக இருந்தது.

தீர்ப்பாய உறுப்பினர் கேட்டதை எங்கள் வழக்கறிஞர் தமிழில் சொன்னார்: "அன்று பொய் எழுதியவர் இன்று எழுதுவதை எப்படி நம்புவது?"

"என்ன நம்ப வேண்டாங்கய்யா. அவங்க ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லுங்க. அத நான் எழுதல" என்றேன்.

இரண்டு வாய்தா கழித்து அந்தப் பதிவேடு வந்தது. நான்கு தேதிகள். நான்கிலும் "தூக்கமின்மை". தம்பி சொன்ன கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. வீட்டில் தேதியை ஒழுங்காக வைத்திருந்தவன் அவன்தான்.

தப்பியோடியவர் என்ற அறிவிப்பு ரத்து. மருத்துவக் குழு அவனைப் பரிசோதித்து, நோய் பணியால் வந்ததா என்று சொல்ல வேண்டும். உத்தரவு அவ்வளவுதான். படித்துக் காட்டியபோது தம்பி "சரிண்ணே" என்றான். குழு கூடும் தேதியைச் சொல்லும் கடிதம் இன்னும் வரவில்லை. மூன்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.

இதைப் படிப்பவர் வீட்டில் விடுப்பில் வந்த ஒருவர் தூங்காமல் இருந்தால், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவருடைய பெயரிலேயே சீட்டு வாங்குங்கள். அன்றே பதிவுத் தபாலில் படைப்பிரிவுக்கு அனுப்புங்கள். நாம் கேட்காமல் அரசு எதையும் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு நாமே காரணத்தைக் கையில் கொடுத்துவிடக் கூடாது.

பழைய பக்கங்களை நான் அடிக்கவில்லை. ஒவ்வொரு பொய்யின் கீழேயும் நடந்ததைச் சிவப்பு மையில் எழுதி, எழுதிய நாளையும் போட்டேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் அப்பாவின் திதி பார்க்க வந்தார். சிவப்பு வரிகளைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தேதி கறுப்பா, செவப்பா சார்?" என்று சிரித்தார். கறுப்பு என்றேன். வீட்டுக்குப் போய்த் தன் அக்காவிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டார். அவர் செய்தது சரி.

இப்போதும் மாதம் ஒருமுறை தஞ்சாவூர் போகிறோம். நீண்ட தாழ்வாரம். அவன் பெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். எனக்குத்தான் உட்கார முடிவதில்லை. கால் கடுக்கும், ஆனாலும் சுவரோரம் நிற்பேன். என்ன கிழமை என்பதுகூடச் சில நாள் நினைவில் இருப்பதில்லை.

போன முறை உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்: "முருகானந்தம்!"

என் உடம்புதான் முதலில் அசைந்தது. தம்பி எழுந்தான். கையில் இருந்த சீட்டைச் சரிபார்த்தான். கதவை நோக்கி இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னான்:

"நீ உக்காருண்ணே. என்னத்தான் கூப்புட்டாங்க."