மோட்டாருக்கு மிஸ்டு கால்

போன செவ்வாய்க்கிழமை ராஜேந்திரன் அண்ணன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். மயிலாடுதுறைப் பக்கம் எனக்குப் பக்கத்து வயல்காரர். மறுநாள் காலை அவர் மனைவிக்கு ஆபரேஷன். துணைக்கு வேறு ஆள் இல்லை.

"தம்பி, மோட்டார் எடுக்க மாட்டேங்குது. நாத்து காய்ஞ்சிடும். சாயங்கால பஸ்ஸுல வந்துடட்டுமா? இவளும் போங்க போங்கன்னுதான் சொல்றா."

அதற்கு முந்தின வாரம் மாட்டிய மொபைல் ஸ்டார்ட்டர் அது. மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி, அதற்குள் சிம் போட்ட மோடம். எங்கிருந்தாவது அதற்கு போன் போட வேண்டும். அது எடுத்ததும் ஒன்றாம் நம்பரை அழுத்தினால் மோட்டார் ஓடும். அதை நம்பித்தான் அண்ணன் கிளம்பிப் போயிருந்தார்.

நானே கையால் போட்டுவிடலாம். ஆனால் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வரும்போதெல்லாம் அங்கே போய் நிற்க முடியுமா? எனக்கும் வயல் இருக்கிறதே... லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். டயல்-அப் காலத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். மோடத்தின் பாஷை கொஞ்சம் தெரியும்.

கேபிளை மாட்டி 'ஏடி' என்று தட்டினேன். இருக்கிறாயா என்று கேட்பது அது. 'ஓகே' என்றது. பிறகு 'ஏடிடி' — டயல் செய் என்ற கட்டளை — போட்டு அண்ணன் நம்பரைத் தட்டினேன். தஞ்சாவூரில் அவர் எடுத்து ஹலோ ஹலோ என்றிருக்கிறார். ஆக, மோடம் நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணியின் போனுக்குப் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணே, உங்க போன்லேர்ந்து மோட்டாருக்கு அடிங்க."

திரையில் 'ரிங்' என்று வந்தது. இன்னொரு 'ரிங்'. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடி இரண்டே ரிங்.

"ஏண்ணே கட் பண்றீங்க?"

"மிஸ்டு கால் குடுத்தேன் தம்பி. பார்த்துட்டு எடுக்கும்ல?"

டிராக்டர்காரருக்கு, நடவு ஆட்களுக்கு, உரக்கடைக்கு — அண்ணன் யாருக்குமே இரண்டு ரிங்குக்கு மேல் விட்டதில்லை. எல்லோரும் திரும்பக் கூப்பிடுவார்கள். மனிதர்கள் நம்மை எவ்வளவு செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது மெஷினிடம் போனால்தான் தெரிகிறது.

எத்தனை ரிங்குக்குப் பிறகு எடுப்பாய் என்று மோடத்தைக் கேட்டேன். ஐந்து என்றது. அண்ணனைத் திருத்துவதா, மோடத்தைத் திருத்துவதா? யோசிக்கவே இல்லை. 'ஏடி எஸ் ஜீரோ' கட்டளையில் ஐந்தை ஒன்றாக்கி, அதை சேவ் செய்தேன்.

"இப்ப அடிங்க. எடுத்ததும் ஒண்ணை அமுக்குங்க. கட் பண்ணிடாதீங்க."

முதல் ரிங்கிலேயே எடுத்தது. டக்கென்று ஸ்டார்ட்டர் இழுத்தது. குழாயில் காற்று சீறி, பிறகு தண்ணீர் கொட்டியது.

"ஓடுதுண்ணே. இனிமே நீங்க அங்கேர்ந்தே ஓட்டிக்கலாம்."

அவர் பதில் சொல்லுமுன் அண்ணியின் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, அவரிடம்.

"அப்ப நாளைக்கு இங்கேயே இருப்பீங்கல்ல? எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

சில போன் கால்களை உடனே கட் பண்ணிவிட வேண்டும். பண்ணினேன்.