கலர் டாக்டரும் சிதம்பரம் ரோடும்

முதல் நாள் அந்த அம்மா என் முன்னால் வைத்தது ஒரு கிரேயான் பெட்டி. எல்.கே.ஜி. பிள்ளைகள் பையில் இருக்குமே, மூடியில் யானை படம் போட்டு, அதே பெட்டி. இருபது வருஷத்துக்கு மேல் கடலூர் - சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவன் நான். பின்னால் வருகிற ஹாரன் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லிவிடுவேன். வீட்டில் கல்யாண வயதில் மகள். என் கையில் கிரேயானா? பெட்டியைத் தள்ளி வைத்தேன். "நான் என்னா பால்வாடிப் புள்ளையா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்ல. பால்வாடிப் புள்ளைங்களா இருந்தா இந்நேரம் புடுங்கி வரைஞ்சிருக்கும்," என்றார்.

நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு விபத்து. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வளைவு. பலாப்பழ சீசன். மொபெட்டின் பின்னால் பண்ருட்டிப் பழம் கட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன், முழு லோடு, வண்டி நிற்கவில்லை. அவர் அங்கேயே இறந்துபோனார். என்மேல் தப்பில்லை என்று போலீஸ் விசாரணையில் எழுதிவிட்டார்கள். ஊரே அதைத்தான் சொன்னது: "அந்தாளு கண்ணு தெரியாத மாதிரி வந்து வுழுந்தான், நீ என்னா பண்ணுவ?" ஆனால் அதற்குப் பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் என் கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே இறுகிப்போகும். கண்டக்டர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். நரம்பு டாக்டர் நரம்பில் கோளாறே இல்லை என்றார். மனைவி திருவதிகைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். கடைசியில் சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல மருத்துவர் என்னை இந்த அம்மாவிடம் அனுப்பினார். கதவில் 'கலை சிகிச்சை' என்று எழுதி ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஆட்கள் அவருக்கு 'கலர் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு பெயிண்ட். விபத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்களைப் போல 'உங்க மேல தப்பில்ல' என்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "நல்லா தெரிஞ்ச எதையாவது வரைங்க அண்ணே," என்றார். எனக்குத் தெரிந்தது ரோடுதான் என்றேன், வீம்புக்கு. "அப்ப ரோட்டையே போடுங்க. எங்கிட்ட பேப்பர் ஜாஸ்தியா இருக்கு," என்று ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தேன். போகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம். முதுநகர் நெரிசல், டீக்கடை, வேகத்தடை, எந்த இடத்தில் எந்த நாய் படுத்திருக்கும் என்பது வரை, சீட்டிலிருந்து கண்ணாடி வழியாக எனக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்தேன். வரைந்த தாள்களை அவர் வரிசையாக ஒட்டிச் சுருட்டி அலமாரியில் வைப்பார். ஒரு நாள் எட்டிப் பார்த்த பயிற்சி டாக்டர் ஒருவர், "எல்லாம் கருப்பா வரைஞ்சிருக்காரே, மனசு ரொம்ப இருட்டா இருக்கோ?" என்று கேட்டார். "தார் ரோடு கருப்பாத்தாங்க இருக்கும்," என்றார் அம்மா. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த வளைவு வந்தபோது வெள்ளைத் தாளை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டு, அடுத்த தாளில் வளைவைத் தாண்டி வரைய ஆரம்பித்தேன். அவர் வெள்ளைத் தாளையும் அதன் இடத்தில் ஒட்டினார்.

நான் வரைந்த ரோடு சிதம்பரத்தை நெருங்கும் சமயத்தில் எங்கள் பஸ் முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கூடவே என் மனைவியின் தம்பி. முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஓட்டாத டிரைவரை எத்தனை நாளைக்கு வைத்துச் சோறு போடுவார்? "இவரு ஓட்டுவாரா, மாட்டாரா? அந்தப் படத்தப் பாத்து நீங்களே சொல்லிடுங்க," என்றார். அம்மா அலமாரியை மறித்துக்கொண்டு நின்றார். "அது அவரு படம். அவரு குடுக்கச் சொல்லாம யாருக்கும் குடுக்க மாட்டேன்." "காட்டிடுங்க மேடம், பொழப்பு போயிடும்," என்று கெஞ்சினேன். சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். "காட்டுறதா இருந்தா நீங்க காட்டுங்க. இதுக்கு அர்த்தம் சொல்ற வேல என்னுது இல்ல."

வராந்தாவில் விரித்தேன். தாள் காற்றில் சுருண்டுகொள்ளாமல் ஒரு முனையை அம்மா முழங்காலால் அழுத்திக்கொண்டார். முதலாளி ரோட்டோடு நடந்து பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளைத் தாளில் நின்றார். "இங்க என்னா ஒண்ணுமே இல்ல?"

மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, வாய தொறக்காத. நஷ்டஈட்டு கேஸ் இன்னும் முடியல." எத்தனை நாள் அந்த வாயை மூடி வைத்திருந்தேன்! கையை உதறினேன். "அந்த மொபெட்காரரு பாக்காம வரல சார். என் மூஞ்சப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். டிரைவரு நிறுத்திடுவாருன்னு நம்பி வந்தாரு. நிறுத்தத்தான் பாத்தேன், வண்டி நிக்கல. கோர்ட்டுல கூப்ட்டாலும் இதான் சொல்லுவேன். செத்தவர குருடனாக்கிட்டு எனக்கு ஒரு வேல வேணாம்."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. இரண்டடி முன்னால் வந்தார். "சார், பேப்பர மிதிக்காதீங்க," என்றார் அம்மா, தரையில் முழங்காலிட்டபடியே. அந்த வராந்தாவில் அதைத் தவிர அவர் வேறொன்றும் பேசவில்லை.

அந்த வேலை போனது. கோர்ட்டிலும் அதையே சொன்னேன். இறந்தவரின் மனைவி பெஞ்சிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுநாளே என் கை சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாதக்கணக்கில் ஆனது. பிறகு வேறொரு கம்பெனியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். என் கதை தெரிந்து, இரக்கப்பட்டு விருத்தாசலம் ரூட் தருகிறேன் என்றார்கள். சிதம்பரம் ரூட் தந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். தந்தார்கள்.

போன மாதம் அம்மா போன் செய்தார். ஆஸ்பத்திரி விழாவில் என் ரோட்டை மாட்ட ஆசைப்படுகிறார்களாம். நடுவில் வெள்ளையாக இருக்கிற இடத்தை மட்டும் யாரையாவது வைத்து நிரப்பிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமாம். "நீங்க என்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். "அது முடிஞ்ச படம், கைய வைக்காதீங்கன்னேன்," என்றார்.

இப்போது ஆலப்பாக்கத்துக்கு மேலே நாலுவழிச் சாலையும் பாலமும் வந்துவிட்டன. மற்ற பஸ்களெல்லாம் மேலேயே பறக்கின்றன. கீழே பழைய ரோட்டில் இறங்கிப் போனால் டைமிங் போகிறது என்று செக்கரும் கத்துகிறார். நான் இறங்கித்தான் போகிறேன். வளைவு வந்ததும் கியரைக் குறைத்து, சந்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும்.